செருப்பு போட்டுக்கிட்டா அடிக்காது

பின் போர்ஷன் குளியலறையில் குழாயைத் திறக்கப்போன அம்மா, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"கரண்ட் அடிக்குதுடா."

நான் சிரித்துவிட்டேன். பாரிவாக்கத்தில் நாங்கள் வாங்குவதாக ஒப்புக்கொண்டு, மூன்று லட்சம் அட்வான்ஸும் கொடுத்துவிட்ட வீடு அது. அன்றைக்கு வெறுமனே அளவெடுக்க வந்திருந்தோம். பீரோ வாசலில் நுழையுமா, ஃப்ரிட்ஜ் எந்த மூலையில் நிற்கும் என்று. குழாயில் கரண்ட் அடிப்பது அன்றைய பட்டியலில் இல்லை.

அங்கே வாடகைக்கு இருக்கும் பெண் இடுப்பில் குழந்தையோடு பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "ஆமாம்மா, கொஞ்சமா அடிக்கும். செருப்பு போட்டுக்கிட்டுத் தொட்டா ஒண்ணும் தெரியாது" என்றார். குளியலறை வாசலில் நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. குளிப்பதற்கென்றே தனியாக வைத்திருக்கிறார்களாம். குழந்தையை மட்டும் வெளியே பக்கெட்டில் தண்ணீர் வைத்துக் குளிப்பாட்டுவார்களாம்.

"எத்தனை நாளா இப்படி?"

"நாங்க குடி வந்ததுலேருந்து. நாலு வருஷம் ஆகுது."

"ஓனர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னோம் சார். ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டுக் குளிங்கன்னாரு. ஆஃப் பண்ணாலும் அடிக்குது."

அந்த வீட்டின் விலையில் ஒன்றரை லட்சத்தைப் பேசிக் குறைத்ததைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த நீலச் செருப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. விலை பேசிய அத்தனை நாளும் அதை நான் மறந்துவிட்டிருந்தேன்.

*

27 வருஷத்தில் நாங்கள் இருந்தது ஏழு வாடகை வீடுகள். அம்பத்தூரில் நாலு, கொரட்டூரில் ஒன்று, திருமுல்லைவாயலில் இரண்டு. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. சம்பளம் கூடும்போது ஒரு அறை கூடும், பட்டறை மூடினால் ஒரு அறை குறையும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மோட்டார் காலையில் அரை மணி நேரம்தான், கரண்டுக்கு சப் மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் சொல்வதுதான் கணக்கு. இந்தச் சட்டங்களை எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. தானாகத் தெரியும்.

அப்பா போன பிறகு சொந்த வீடு என்ற பேச்சை அம்மாதான் எடுத்தாள். எங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தை மேற்கே தள்ளிக்கொண்டே போனால் பாரிவாக்கம் வருகிறது. பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலை பெங்களூர் நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டுகிற அந்த சிக்னலில் நின்றவர்களுக்கு ஊரைத் தெரிந்திருக்கும். லாரிகளுக்கு நடுவில் நின்று சிக்னல் மாறக் காத்திருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். உள்ளே போனால் ஏரி, கொஞ்சம் புல்வெளி, மாடுகள், நடுநடுவே மனைப்பிரிவுக் கற்கள். லைட் ஹவுஸிலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரைக்குமான மெட்ரோ பாதையைக் காட்டாமல் இங்கே எந்த புரோக்கரும் விலை சொல்வதில்லை.

அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. 2004-இல் கட்டிய வீடு. முன்பக்கம் ஓனர், பின்பக்கம் 6,500 ரூபாய் வாடகைக்கு ஒரு சின்ன போர்ஷன். பேசி முடித்த விலை 64 லட்சம். அந்த 6,500 ரூபாயையும் இஎம்ஐ கணக்கில் சேர்த்துத்தான் நாங்கள் துணிந்தோம்.

வாங்குவதற்கு முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டுமோ அத்தனையும் பார்த்தேன் என்று நினைத்திருந்தேன். பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்தேன். பட்டா, தாய்ப்பத்திரம், பிளான் அப்ரூவல் எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து லீகல் ஒப்பினியன் வாங்கினேன். யார் யாருக்கு விற்றார், யார் எந்த வருஷம் அடமானம் வைத்தார், எப்போது மீட்டார் என்று அந்த மண்ணின் முப்பது வருஷ வரலாறு எனக்கு மனப்பாடம். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். நீளம் அகலம் அளந்தார், நாலு பக்கமும் போட்டோ எடுத்தார், கால் மணி நேரத்தில் கிளம்பினார். ஒரு சுவிட்சைக்கூட அவர் போட்டுப் பார்க்கவில்லை. அது அவருடைய வேலையும் இல்லை.

மண்ணைப் பற்றிச் சொல்ல இத்தனை காகிதங்கள் இருக்கின்றன. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை.

*

அம்பத்தூரில் எங்கள் பழைய தெருவில் இருந்த எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். வயர்மேன் லைசென்ஸ் வைத்திருப்பவர், அதிகம் பேசமாட்டார். ஓனருக்கு இது பிடிக்கவில்லை. "என்ன தம்பி, பொண்ணு பார்த்து நிச்சயம் பண்ண பிறகு டாக்டரைக் கூட்டிக்கிட்டு வரீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கதவையும் திறந்துவிட்டார்.

அண்ணன் முதலில் குழாயில் டெஸ்டர் வைத்தார், எரிந்தது. "டெஸ்டர் சும்மாவும் எரியும், அதை நம்பக் கூடாது" என்று மல்டிமீட்டரை எடுத்தார். குழாய்க்கும் ஈரத் தரைக்கும் நடுவே 90 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டியது. பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் புரியவில்லை. பின் போர்ஷனில் எதையும் தொடாமல் முன்பக்கம் போய், ஓனர் வீட்டு வாஷிங் மெஷின் ப்ளக்கைப் பிடுங்கினார். திரும்பி வந்து மீட்டரை வைத்தார். முள் இறங்கிவிட்டது.

ஓனர் வீட்டு மெஷினில் கசிந்த கரண்ட்தான் நாலு வருஷமாகப் பின்வீட்டுக் குளியலறையில் அடித்துக்கொண்டிருந்தது.

அது எப்படி என்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மூன்று முள் ப்ளக்கில் மேலே இருக்கும் தடித்த முள்தான் எர்த். மெஷினின் உலோக உடம்பில் கரண்ட் கசிந்தால், பச்சை வயர் வழியாக அது மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். அந்த வீட்டின் எல்லா பிளக் பாயிண்டிலும் பச்சை வயர் ஒழுங்காக இருந்தது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து டிபி பாக்ஸுக்கும் போயிருந்தது. அங்கிருந்து மண்ணுக்குள் போக வேண்டிய கம்பிதான் இல்லை. பக்கச் சந்தில் சம்ப் தொட்டியைப் பெரிதாக்கியபோது எர்த் பைப்பை வெட்டி எடுத்துவிட்டார்கள். திரும்ப யாரும் போடவில்லை.

ஆகவே அந்தப் பச்சை வயர் எந்தக் கசிவையும் மண்ணுக்கு அனுப்பவில்லை. வீடு முழுக்க எல்லா மெஷின்களின் உடம்பையும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டிருந்தது, அவ்வளவுதான். முன்பக்க மெஷினில் கசிவது பின்பக்க ஹீட்டரின் உடம்புக்குப் போய், அங்கிருந்து பழைய ஜிஐ பைப்பில் இறங்கி, குழாய்க்கு வந்து நின்றது. சுவிட்சை அணைத்தால் ஃபேஸ் மட்டும்தான் நிற்கும், எர்த் முள் இணைந்தேதான் இருக்கும். ஹீட்டரை ஆஃப் செய்தாலும் அடித்தது அதனால்தான். ஓனர் குளியலறையில் சோலார் ஹீட்டர், பிளாஸ்டிக் பைப். அவருக்கு ஒரு நாளும் அடித்ததில்லை.

"எம்சிபி இருக்கேண்ணே, அது ட்ரிப் ஆகாதா?" என்று கேட்டேன்.

"அது வயரைக் காப்பாத்த வெச்சது. ஆளைக் காப்பாத்த இல்ல."

16 ஆம்பியர் எம்சிபி என்றால் 16,000 மில்லி ஆம்பியர். ஒரு மனித உடம்புக்கு அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது எம்சிபிக்கு அது ஒரு ஜீரோ வாட் பல்பு எரிகிற மாதிரிதான். ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் எங்கேயோ காணாமல் போனாலும் கண் சிமிட்டும் நேரத்தில் மெயினை வெட்டிவிடும். அந்த வீட்டில் அது இல்லை. நாங்கள் குடியிருந்த ஏழு வீட்டிலும் இருந்ததில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000 பேருக்கும் மேல் மின்சாரம் தாக்கிச் சாகிறார்கள் என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள். எனக்கு அது அதுவரை அறுந்து விழுந்த கம்பிகளின் எண்ணிக்கையாகவே தோன்றியிருந்தது.

கடைசியாக மெகர் வைத்தார். 500 வோல்ட் செலுத்தி வயரின் மேலுறை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் கருவி. குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். முன் ஹாலில் 0.6, பின் போர்ஷனில் 0.2. "சுவத்துக்குள்ள எங்கயோ ஜாயிண்ட் இருக்கு, ஈரம் குடிச்சிருக்கு. எர்த் மட்டும் போட்டா பத்தாது. முழுக்க உருவிட்டுப் புதுசா இழுக்கணும்" என்றார். வயர், பைப், சுவர் வெட்டு, பூச்சு, பெயிண்ட் எல்லாம் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். 2,15,000 ரூபாய்.

*

ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். அவர் 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தை எடுத்தார். பிரிவு 55. சொத்தில் முக்கியமான ஒரு குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாதபடி இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவின் கடைசி வரி சொல்கிறது.

மோசடி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஒரு தெம்பு வந்தது. சட்டைப்பையில் கத்தி வைத்துக்கொண்டு நடப்பதுபோல.

நண்பர் உடனே அதன் முனையையும் மழுக்கினார். "சாதாரணக் கவனம்னு ஒண்ணு இருக்கு பாரு. அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி அந்தக் குழாயைத் தொட்டிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்னு எதிர்த்தரப்பு சொல்லும். அவருக்குத் தெரியும்னு நீதான் நிரூபிக்கணும்." புதிதாகக் கட்டிய ஃப்ளாட் என்றால் 2016-ஆம் வருஷ ரெரா சட்டப்படி, கையில் ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் வரும் வேலைக் குறைகளைக் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை இன்னொருவர் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பெல்லாம் கிடையாது. "கோர்ட்டுக்குப் போனா உன் அட்வான்ஸ் அங்கயே தூங்கும். உட்கார்ந்து பேசு" என்று அனுப்பிவிட்டார்.

*

ஓனர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசினோம். ஓனர், புரோக்கர், நான், அம்மா. பின் போர்ஷன் பெண் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

புரோக்கர் ஆரம்பித்தார். "சார், நீங்க வாங்கறது மண்ணு. கட்டடத்துக்கு இருபது வருஷம் ஆச்சு, அதுக்கு யாரும் விலை போடறதில்ல. ஃப்ரீயா வர்ற வீட்ல வயருக்கு என்ன கழிக்கிறது?"

"இந்த ஏரியாவுல சதுர அடி 4,500-ன்னு நீங்கதான் சொன்னீங்க. 1,200 சதுர அடிக்கு 54 லட்சம். மீதி 10 லட்சம் எதுக்கு?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் தாளை நீட்டினேன். மூன்று லட்சம் குறைக்க வேண்டும் என்றேன். வேலைக்கு 2,15,000, சுவரைத் திறந்தால் இன்னும் என்ன வருமோ என்று அதற்கு மேலே கொஞ்சம்.

ஓனர் தாளை வாங்கிப் படிக்கவில்லை. எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பழைய லெதர் பை ஒன்றோடு திரும்பிவந்தார். அதிலிருந்து மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த ஒரு பில்லை எடுத்து மேஜைமேல் விரித்தார். 2004-இல் பாரிஸ் கார்னரில் வயர் வாங்கிய பில்.

"நானே கடை கடையா ஏறி வாங்கினது தம்பி. நல்ல கம்பெனி. கான்ட்ராக்டர் வாங்கினா மட்டமா வாங்குவான்னு, டூட்டி முடிஞ்சு போய் வாங்கிட்டு, காயிலை மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல வந்தேன். பிஎஃப் லோன் போட்டுக் கட்டின வீடு. சுவத்துக்குத் தண்ணி ஊத்தினது நானும் அவளும்."

ஆவடியில் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருஷம். ஓசூரில் இருக்கும் மகனோடு போகப்போகிறார். ஒரு ஏமாற்றுக்காரரை எதிர்பார்த்துத்தான் நான் போயிருந்தேன். எதிரில் பில்லை விரித்துவைத்துக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

அந்த வயர் நல்ல வயர்தான். எலக்ட்ரீசியன் அண்ணனும் அதைச் சொல்லியிருந்தார்.

"2015 டிசம்பர்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. பிளக் பாயிண்டெல்லாம் அப்ப தரையிலேருந்து ஒரு அடியில இருந்துச்சு, முங்கிடுச்சு. அப்புறம் எல்லாத்தையும் நாலடிக்குத் தூக்கி வெச்சேன்."

"வயர் பத்தாதே, ஜாயிண்ட் போட்டீங்களா?"

"டேப் சுத்திப் பூசினாங்க. அப்ப ஊர் பூரா எலக்ட்ரீசியனுக்கு அலையுது. கிடைச்ச ஆளை வெச்சு செஞ்சேன். ஒம்பது வருஷமா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"பின்னாடி அடிக்குதுன்னு சொன்னாங்களாமே சார்?"

"எனக்கு ஒரு நாளும் அடிச்சதில்ல தம்பி."

அதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. அவருக்கு அடித்ததில்லை. தெரிந்த குறையா, தெரியாத குறையா என்று சட்டம் கேட்கிறது. பின்வீட்டுப் பெண் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது, ஆனால் தெரிந்ததாக ஆகவில்லை. அதற்கு சட்டத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தோன்றவில்லை. சட்டைப்பையிலிருந்த சொல்லை நான் வெளியே எடுக்கவும் இல்லை.

அவர் 50,000-இல் ஆரம்பித்தார். நான் இரண்டரைக்கு இறங்கினேன். புரோக்கர் இரண்டு பக்கமும் போய்வந்தார். அந்த பில் மேஜைமேல் இருந்தவரை என் குரல் எழும்பவில்லை, அந்தத் தாள் மேஜைமேல் இருந்தவரை அவர் குரலும் எழும்பவில்லை. கடைசியில் ஒன்றரை லட்சம். 64 லட்சம் 62 லட்சத்து 50,000 ஆனது. இரண்டு மணி நேரம் பிடித்தது.

வெளியே வந்து சிக்னல் நோக்கி நடக்கும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வீட்டு ஓனரிடம் பேசி ஜெயித்திருக்கிறேன்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள், "அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை பேசலியே நீ?"

"பேசினேனேம்மா, பின்னாடி அடிக்குதுன்னு."

"அது காசு குறைக்கப் பேசினது."

*

காசாவது குறைந்ததா என்று பார்த்தால் அங்கேயும் ஒரு வேடிக்கை. எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத கணக்கு இது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரும். விலை 64 லட்சமாக இருந்தபோது கடன் 51 லட்சத்து 20,000. விலை 62 லட்சத்து 50,000 ஆனதும் கடன் சரியாக 50 லட்சம். அதாவது குறைந்த ஒன்றரை லட்சத்தில் 1,20,000 வங்கியின் பக்கம் குறைந்தது. என் கையிலிருந்து போக வேண்டியதில் குறைந்தது 30,000 மட்டும். தமிழ்நாட்டில் முத்திரைத்தாளுக்கும் பதிவுக்கும் சேர்த்து 9 சதவீதம், அதில் 13,500 மிச்சம். ஆக மொத்தம் 43,500 ரூபாய்.

வயரிங்குக்கு வேண்டியது 2,15,000. அதற்கு யாரும் கடன் தரப்போவதில்லை. ஒன்றரை லட்சம் லாபம் உண்மைதான், ஆனால் அது இருபது வருஷ இஎம்ஐயில் சொட்டுச் சொட்டாக வரும் லாபம். எலக்ட்ரீசியனுக்கு இப்போதே கொடுக்க வேண்டும். விலை மாறியதால் திருத்த ஒப்பந்தம் எழுதி, வங்கியில் ஃபைல் மறுபடி மேலே போய் இறங்க மூன்று வாரம் ஆனது. ஐப்பசியில் பத்திரம் முடிந்தது. அம்மா இரண்டு வளையலை அடகு வைத்தாள்.

அடகுப் பணம் 1,50,000. எலக்ட்ரீசியன் அண்ணனின் தாளை நான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் 1,40,000, பின்பக்கம் 75,000 என்று அவரே பிரித்து எழுதியிருந்தார். பிரித்து எழுதியிருந்ததுதான் வினை. முன்பக்கத்தை இப்போது முடித்துவிடலாம், பின்பக்கம் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு எந்த உறுத்தலும் இல்லாமல் தோன்றியது. வாஷிங் மெஷின் ஓனரோடு ஓசூர் போய்விட்டது. குழாயில் இப்போது அடிப்பதில்லை. நாலு வருஷம் பொறுத்தவர்களுக்கு நாலு மாசம் என்ன?

அந்த நாட்களில் ஒரு ராத்திரி, வாடகை ஒப்பந்தம் எழுதுவதற்காக 2017-ஆம் வருஷத்து தமிழ்நாடு வாடகைச் சட்டத்தைப் படித்தேன். 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் எந்தப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று பட்டியல் இருக்கிறது. சுவிட்ச், சாக்கெட் ரிப்பேர் வாடகைக்கு இருப்பவர் தலையில். வீட்டின் உள்ளேயும் வெளியேயும் மின் வயரிங் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. இருபத்தேழு வருஷம் வாடகை வீட்டில் இருந்த எனக்கு இந்த வரி, உரிமையாளர் ஆன பிறகுதான் கண்ணில் பட்டது.

கொரட்டூர் வீட்டு ஃப்ரிட்ஜ் அப்போது நினைவுக்கு வந்தது. கதவைத் தொட்டால் விரலில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். அம்மா அதன் முன்னால் ஒரு பலகை போட்டு வைத்திருந்தாள். பலகைமேல் ஏறி நின்றுதான் திறக்க வேண்டும். எங்களுக்கு அது விளையாட்டு. ஓனரிடம் ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டேன். "சொன்னா காலி பண்ணச் சொல்லுவாங்க. நீ அப்ப பத்தாவது" என்றாள்.

இதையெல்லாம் படித்து, நினைத்து, மனம் திருந்திப் பின்பக்கத்தையும் சேர்த்துச் செய்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நடந்தது அதுவல்ல.

பக்கச் சந்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கி, மெயினில் ஆர்சிசிபி வைத்த அன்றைக்கு ராத்திரி கார்த்திகை மழை. பத்து மணிக்கு ஒரு தடவை ட்ரிப் ஆனது. தூக்கிவிட்டேன். பத்தரைக்கு மறுபடி. நள்ளிரவுக்குள் ஐந்து தடவை. முன்பக்கத்தின் எல்லா எம்சிபியையும் இறக்கிப் பார்த்தேன், அப்போதும் ட்ரிப். பின் போர்ஷனின் சுவரில் ஈரம் குடித்த ஜாயிண்ட் ஒவ்வொரு மழைக்கும் கசிய, ஆர்சிசிபி தன் வேலையை ஒழுங்காகச் செய்து மொத்த வீட்டையும் இருட்டாக்கியது. முன்பக்கம் என்றும் பின்பக்கம் என்றும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அண்ணனின் தாளுக்கும் எனக்கும்தான் அது தெரிந்திருந்தது.

இருட்டில் டார்ச்சோடு வாசலில் நின்றபோது பின்வீட்டுப் பெண்ணும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் கணவருக்கு இருங்காட்டுக்கோட்டையில் நைட் ஷிஃப்ட்.

"முன்னாடி ஷாக் அடிக்கும், ஆனா கரண்ட் நிக்காது சார். இப்ப ஷாக்கும் இல்ல, கரண்டும் இல்ல."

குறையாகத்தான் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, குழந்தைக்கு வியர்த்திருந்தது.

காலையில் எலக்ட்ரீசியன் அண்ணனுக்கு போன் போட்டு மொத்தமாகவே செய்துவிடச் சொன்னேன். மீதி 65,000-க்கு ஆபீஸில் அட்வான்ஸ் கேட்டேன். எங்களுக்குக் கரண்ட் வேண்டுமென்றால் அவர்கள் சுவரையும் வெட்டியாக வேண்டும் என்பதால்தான் வெட்டினோம்.

பின் போர்ஷன் சுவரில் கட்டர் வைத்தபோது அந்த ஜாயிண்டுகள் கிடைத்தன. டேப் கருத்து, பிசுபிசுத்து, விரலோடு உரிந்து வந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. வயரின் மீதிப் பகுதி, அந்த பில்லில் இருந்த வயர், இருபது வருஷம் கழித்தும் புதிதுபோலவே இருந்தது. ஒரு முழம் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஓனரிடம் போனில் சொன்னேன், வயர் நல்ல வயர்தான் சார் என்று. "நான்தான் சொன்னேனே" என்றார். பிறகு, "பின்னாடி இருக்கிற பொண்ணு நல்லா இருக்கா?" என்று கேட்டார். நல்லா இருக்காங்க சார் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வேலை முடிந்து மெகர் வைத்துப் பார்த்தார்கள். மழையிலும் ட்ரிப் ஆகவில்லை. நானே போய்ப் பின்வீட்டுக் குழாயை வெறுங்காலோடு தொட்டுக் காட்டினேன், ஏதோ வித்தை காட்டுகிறவன்போல. "இனிமே செருப்பு வேண்டாங்க."

அவர் குழாயைப் பார்த்தார், புதுச் சுவிட்ச் போர்டுகளைப் பார்த்தார், வெட்டிப் பூசி இன்னும் காயாத சுவரைப் பார்த்தார்.

"சார், வாடகை ஏறுமா?"

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். அம்பத்தூரில் ஒரு ஓனர் வெள்ளையடித்துக் கொடுத்த அன்று, அம்மா இதே குரலில் கேட்டாள். ஏறியது. நாலு மாசத்தில் காலி செய்தோம்.

"இந்த வருஷம் இல்லைங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் அதில் 'இந்த வருஷம்' இருப்பது காதில் விழுந்தது. அவருக்கும் விழுந்திருக்கும். தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நீலச் செருப்பு இன்னும் குளியலறை வாசலில்தான் இருக்கிறது.